தொண்ணூற்று நான்கு விநாடி

தி.நகர் டக்டக் சிக்கனில் சாப்பிட்ட எல்லாரும் அஃப்சருன்னிசாவைப் பார்த்திருப்பார்கள். பார்த்த ஞாபகம்தான் ஒருவருக்கும் இருக்காது. சிவப்புத் தொப்பிக்கு உள்ளே கறுப்புத் துணியால் தலையை இறுகக் கட்டிக்கொண்டு, ஃப்ரையருக்கும் பேக்கிங் மேசைக்கும் நடுவில் நிற்கிற நாற்பத்து மூன்று வயதுப் பெண்மணி அவள். பசியோடு வரிசையில் நிற்கிறவர்கள் பொட்டலத்தைப் பார்ப்பார்களே தவிர, அதைக் கட்டுகிற கையைப் பார்க்க மாட்டார்கள். அதில் குறை சொல்லவும் எதுவுமில்லை, பசி அப்படித்தான்.

சென்னையில் இருக்கிற பதினான்கு டக்டக் கடைகளிலும் இந்தக் கைதான் வேகமான கை என்று மூன்று வருடம் பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சில் பாதி நிஜம். மீதிப் பாதி அவளை என்ன பாடு படுத்தியது என்பதுதான் சொல்ல வேண்டிய விஷயம்.

அஃப்சர் பிறந்தது, வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாமே மயிலாப்பூர் கச்சேரி ரோட்டைச் சுற்றித்தான். அப்பா அப்துல் சமத் பள்ளிக்கூடப் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். அங்கே தைத்த எட்டுப் பேருக்கும் டீ வாங்கி வருவது அவள் வேலை. ஒருத்தருக்குச் சர்க்கரை பாதி, ஒருத்தருக்கு ஸ்ட்ராங், இன்னொருத்தருக்கு ஆடை விழக் கூடாது. ஒரு நாளும் மாற்றி வாங்கி வந்ததில்லை. கேட்டதைக் கேட்டபடி மண்டையில் போட்டு வைத்துக்கொள்கிற அந்தக் குணம் பிறவியிலேயே வந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள், இருபதில் கல்யாணம் செய்தார்கள். கணவர் வலியுல்லா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். நல்ல மனிதர், அளந்துதான் பேசுவார். ஒரே மகள் சிம்ரா இப்போது பி.காம் படிக்கிறாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால், பட்டறையில் ஓவர்டைம் நின்றுபோனதும் அஃப்சர் வேலைக்குக் கிளம்பினாள். கண்டவர்களுக்குக் கோழி பொரித்துப் போடவா போகிறாய் என்று மாமியார் வீட்டில் முகத்தைச் சுளித்தார்கள். இத்தனை வருடம் வீட்டில் பொரித்ததற்கு யாராவது சம்பளம் கொடுத்தீர்களா என்று அவள் கேட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கடைக்குள் ஸ்கிரீன் வந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஆர்டர் சீட்டில் வரும், கம்பியில் குத்தி வைப்பார்கள். ஸ்கிரீன் வந்த பிறகு, கவுண்டரில் ஆர்டர் போட்டதும் அது ஃப்ரையருக்கு மேலே ஒரு கட்டமாக விழுந்தது. விழுந்த நொடியிலிருந்து விநாடி ஓடும். இரண்டு நிமிடம் வரை கட்டம் பச்சை, அதைத் தாண்டினால் மஞ்சள், மூன்று நிமிடத்தைத் தாண்டினால் சிவப்பு. பொட்டலத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்த பிறகு கீழே இருக்கிற பொத்தானைத் தட்ட வேண்டும். கட்டம் மறையும், எத்தனை விநாடி ஆனது என்கிற கணக்கு ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். சிவப்பு விழுந்த கடைக்கு அங்கிருந்து ஃபோன் வரும். பச்சையாகவே ஓடின கடைக்கு மாதக் கடைசியில் ஊக்கத்தொகை வரும்.

முன்கூட்டிப் பொரித்து வைத்தது தீர்ந்துபோனால் புதிதாகப் போடுகிற துண்டு எண்ணெயில் மூன்று நிமிடம் கிடந்தே ஆக வேண்டும். இது சமையல் தெரிந்த யாருக்கும் புரியும். ஸ்கிரீனுக்குப் புரியாது.

பொத்தானின் பலவீனத்தைக் கண்டுபிடித்தது அஃப்சர்தான். பொட்டலம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று பொத்தானுக்கு எப்படித் தெரியும்? தட்டினால் போதும், அது நம்பிக்கொள்ளும். ஒரே ஒரு தொல்லை, தட்டியதும் ஆர்டர் கண்ணிலிருந்து மறைந்துவிடும். என்ன கேட்டிருந்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அஃப்சருக்கு அது ஒரு வேலையா? எண்பது, தொண்ணூறு விநாடியில் தட்டிவிட்டு, மறைந்துபோன பதினோரு ஆர்டரை மண்டையில் வைத்துக்கொண்டு வரிசை தப்பாமல் கட்டிக் கொடுத்தாள். மற்றவர்களுக்கும் அதைக் கற்றுக் கொடுத்தாள். அதற்கு ‘முன்தட்டு’ என்று அவர்களே பெயரும் வைத்தார்கள். ஃப்ரையரில் நிற்கிற மாசிலாமணிக்கு ஞாபகம் மட்டு, அவர் பொட்டலக் காகிதத்தின் ஓரத்தில் பேனாவால் கிறுக்கி வைத்துக்கொண்டு சமாளித்தார்.

தி.நகர் கடை முதல் மாதமே முதலிடம் வந்தது. அஃப்சரின் போட்டோவைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார்கள். ஒரு பிரஷர் குக்கர் பரிசு கொடுத்தார்கள். அங்கிருந்து மாற்றலாகிப் போனவர்கள் வழியாக முன்தட்டு அடையாறுக்குப் போனது, பெசன்ட் நகருக்குப் போனது, ஒரு வருடத்தில் பதினான்கு கடைகளிலும் பரவிவிட்டது. தலைமை அலுவலகத்தின் கணக்கில் ஒரு ஆர்டருக்குச் சராசரி தொண்ணூற்று நான்கு விநாடி. மேலே இருந்தவர்களுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

இங்கே அஃப்சரைக் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். ஸ்கிரீன் வந்தபோது ஒரு ஷிஃப்டுக்கு ஏழு பேர் இருந்தார்கள். ஒருத்தர் வேலையை விட்டுப் போனார், பதிலுக்கு ஆள் போடவில்லை. ஆறு பேர் ஆனது. அப்புறம் இன்னொருத்தர் போனார், ஐந்து ஆனது. ஆள் கேட்டபோதெல்லாம், உங்கள் கடைதான் அருமையாக ஓடுகிறதே, பச்சையைத் தவிர எதையும் காணோமே என்றார்கள். அதைக் கேட்டு அவள் பெருமைப்பட்டாள். ஏழு பேர் வேலையை ஐந்து பேர் செய்ததில் முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்தது. அப்போதும் அவள் வயதைத்தான் நொந்துகொண்டாள், பொத்தானை நினைக்கவில்லை.

சம்பளப் பேச்சை ஆரம்பித்தவள் கவுண்டரில் நிற்கிற ஜாஸ்மின். நொச்சிக்குப்பத்துப் பெண், வயது இருபத்து நான்கு. அவள் அம்மா முத்தம்மா ரோட்டோரத்தில் மீன் விற்கிறவள். விலைவாசி ஏறினால் மீனுக்கும் விலையை ஏற்றிச் சொல்கிற வீட்டில் பிறந்தவளுக்கு, மூன்று வருடமாகச் சம்பளம் அதே பதின்மூன்றாயிரத்தில் நிற்பது அநியாயமாகப் பட்டது. பதினாறாயிரம் வேண்டும், ஆளைக் குறைக்கக் கூடாது என்று இரண்டே வரியில் மனு எழுதினாள். பதினான்கு கடைகளிலும் நூற்று முப்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். அஃப்சரும் போட்டாள்.

மனுவை யாரோ போட்டோ எடுத்து வெளியில் விட்டார்கள். அவ்வளவுதான், ஊருக்கே ஒரு வேலை கிடைத்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் காரசாரமாக அடித்துக்கொண்டார்கள். இவர்களுக்குச் சம்பளம் ஏற்றினால் பர்கர் விலை ஏறும் என்று ஒரு கட்சி. ஏறட்டுமே, அரை மணி நேரம் கார் நிறுத்தக் கொடுக்கிற காசு அது என்று ஒரு கட்சி. கடை வரிசையிலேயே ஒரு நாள் வாக்குவாதம் நடந்தது. என் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் பதினைந்தாயிரத்துக்குப் போகிறான், பத்தாவது படித்தவர்களுக்குப் பதினாறா என்று ஒருவர் கேட்டார். அப்படியானால் உங்கள் மகனும் ஒரு மனு எழுதட்டும் என்று பின்னால் நின்ற அம்மாள் சொன்னார். ஜாஸ்மின் இருவருக்கும் சிரித்த முகத்தோடு பொட்டலம் கொடுத்தாள். அஃப்சர் உள்ளே நின்று அந்த இருவரின் ஆர்டரையும் எப்போதோ தட்டிவிட்டிருந்தாள்.

ஒரு புதன்கிழமை காலை, கடைக்கு இரண்டு பேராகத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தி.நகரிலிருந்து அஃப்சரும் ஜாஸ்மினும் போனார்கள். மாடி ஹாலில் நாற்காலி போட்டு, சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். முதலாளி ஹனீஃபா, எல்லாருக்கும் அவர் ‘பாய்’தான், ராயப்பேட்டையில் தள்ளுவண்டியில் கோழி பொரித்து ஆரம்பித்தவர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பதின்மூன்றாயிரத்தில் குடும்பம் ஓட்ட முடியாது என்பது எனக்குத் தெரியாதா, நீங்கள் கேட்ட பதினாறை அப்படியே கொடுக்கிறேன் என்றார். ஹாலே கை தட்டியது.

அப்புறம் கணக்கு வழக்கைப் பார்க்கிற செபஸ்தியான் எழுந்தார். சுவரில் படம் போட்டுக் காட்டினார். ஐந்து பேரோடு ஓடுகிற கடை ஆர்டருக்குத் தொண்ணூற்று நான்கு விநாடி எடுத்துக்கொள்கிறது. நான்கு பேர் இருந்தால் நூற்று இருபது ஆகலாம், அதுவும் மோசமில்லை. ஆகவே சம்பளம் பதினாறு, ஷிஃப்டுக்கு ஆள் நான்கு. மிச்சம் வருகிறவர்களுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவோம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை மதியம் தி.நகரில் நான்கு பேரை வைத்து ஓட்டிப் பார்ப்பது என்றும் முடிவு செய்திருந்தார்கள்.

ஹாலில் இருந்த இருபத்தெட்டுப் பேருக்கும் அந்தத் தொண்ணூற்று நான்கு பொய் என்று தெரியும். மேடையில் இருந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியாது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வாங்கின ஊக்கத்தொகையைத் திருப்பிக் கேட்பார்களோ என்கிற பயம்.

பாய் அஃப்சரை எழுந்து நிற்கச் சொன்னார். இந்த அம்மாவைப் பாருங்கள், மனது வைத்தால் முடியும் என்று நிரூபித்தவர் இவர்தான் என்றார். தி.நகர் சூப்பர்வைசர் யாசிர் அடுத்த மாதம் துபாய்க்குப் போகிறார், அந்த இடம் அஃப்சருக்குத்தான் என்று அங்கேயே அறிவித்தார். மறுபடியும் கை தட்டினார்கள், ஆனால் இந்தத் தட்டலில் சத்தம் குறைவாக இருந்தது. சூப்பர்வைசருக்கு மேசை உண்டு, நாற்காலி உண்டு. ஆறு வருடமாக அஃப்சர் தொழுகை முடித்துத் துஆவில் கேட்டது வேறு எதுவுமில்லை, உட்கார்ந்து பார்க்கிற ஒரு வேலைதான். அது கிடைத்த நேரத்தில் அவள் கையிலிருந்த சமோசாவைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

திரும்பி வருகிற பஸ் கிண்டியைத் தாண்டியது. ஜாஸ்மின் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

“யக்கா, ஷிஃப்டுக்கு ஒரு ஆள்னா, ரெண்டு ஷிஃப்டு, பதினாலு கடைக்கும் சேத்து இருவத்தெட்டு பேர் வூட்டுக்குப் போவாங்க. நம்ம கடைல மொத ஆளு பாஞ்சாலிதான். அது இன்னா பண்ணும் சொல்லு?”

மேசை துடைத்து, கூல்டிரிங்க் ஊற்றிக் கொடுக்கிற பாஞ்சாலிக்கு ஐம்பது வயது. இன்னொரு இடத்தில் அவளை யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். அஃப்சருக்கு அது தெரியாதா என்ன.

“நான் இன்னாடி பண்ணட்டும்?”

“நீதான் தட்டக் கத்துக்குடுத்த. நீயே சொல்லிடு. நாங்க சொன்னா வேலை செய்ய வலிச்சுகினு பொய் சொல்றாங்கம்பாங்க. நீ சொன்னா நம்புவாங்க.”

அஃப்சருக்கு ஜாஸ்மின் மேல் கோபம் வந்தது. வாஸ்தவமாகப் பேசுகிறவர்கள் மேல் வருகிற கோபம், அது ரொம்ப நேரம் நிற்காது. தி.நகரில் இறங்கும்போது தன் மேலேதான் கோபம் மிச்சமிருந்தது.

அன்று சாயங்காலம் வலியுல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவளுடைய காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும், வாயை மூடிக்கொண்டு அந்த நாற்காலியில் போய் உட்கார் என்றார். ஊருக்காக நின்றது போதும், இந்தக் கால் இன்னும் இரண்டு வருடம் தாங்காது என்று டாக்டர் சொன்னதை மறந்துவிட்டாயா என்று கேட்டார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அஃப்சர் பார்த்ததில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

வியாழனும் வெள்ளியும் வழக்கம்போல வேலை செய்தாள். ஒவ்வொரு முறை பொத்தானைத் தட்டும்போதும் பாஞ்சாலி மேசை துடைக்கிற சத்தம் காதில் விழுந்தது. மூன்று வருடம் தட்டிய ஒவ்வொரு தட்டும் ஒரு ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாரும் அவளை ஏமாற்றவில்லை. இவள்தான் நல்ல பெயர் வாங்குவதாக நினைத்துக்கொண்டு தானும் கெட்டு, கூட இருந்தவர்களையும் கெடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை டாய்லெட்டில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பாயும் செபஸ்தியானும் வந்தார்கள். தி.நகரில் சனிக்கிழமை மதியம் என்றால் கேட்க வேண்டாம். ஜவுளிக்கடைப் பைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக உள்ளே வரும். கவுண்டரில் ஜாஸ்மின், ஃப்ரையரில் மாசிலாமணி, கூல்டிரிங்கிலும் மேசையிலும் பாஞ்சாலி, பேக்கிங்கில் அஃப்சர். யாசிரைக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். ஷட்டர் பக்கம் போய் மூன்று பேரையும் கூப்பிட்டு அஃப்சர் சொன்னது ஒன்றுதான். இன்றைக்கு யாரும் முன்னால் தட்டக் கூடாது, பொட்டலம் வாங்கினவர் கைக்குப் போன பிறகுதான் தட்ட வேண்டும். ஜாஸ்மின் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கவுண்டருக்குப் போனாள்.

முதல் கால் மணி நேரம் தாக்குப்பிடித்தது. பொரித்து வைத்த துண்டுகள் தீர்ந்ததும் கட்டங்கள் மஞ்சளாகின, அப்புறம் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பன்னிரண்டரைக்கு ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. வரிசை வாசலைத் தாண்டி நடைபாதைக்குப் போய்விட்டது. மாசிலாமணிக்கு வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை ஒழியவில்லை. பாஞ்சாலி ஐஸ் அள்ளுவதா மேசை துடைப்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றாள். ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

பாய் உள்ளே வந்தார். முகம் கறுத்திருந்தது.

“வேணும்னே கையை இழுக்குறீங்களாம்மா? என்னையக் கூட்டி வச்சு அவமானப்படுத்துறதுக்கா?”

இப்போது பேசாமல் விட்டால், வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார்கள் என்றுதான் முடியும். இனிமேல் யார் என்ன சொன்னாலும் எடுபடாது. கையில் இருந்த பொட்டலத்தை ஜாஸ்மினிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“பாய், எனக்குப் பத்து ஆர்டர் குடுங்க. செபஸ்தியான் சார் ஸ்கிரீனைப் பாக்கட்டும். நீங்க ஜாஸ்மின் பக்கத்துல நின்னு, பொட்டலம் எப்ப கஸ்டமர் கைக்குப் போவுதுன்னு உங்க வாட்ச்ல பாருங்க.”

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போய் நின்றார். அஃப்சர் யாசிரையும் மேசைப் பக்கம் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள். இப்போது ஐந்து பேர், வழக்கமாகக் கடையை ஓட்டுகிற அதே ஐந்து பேர். புதிதாக விழுந்த பத்து ஆர்டரையும் வழக்கம்போல முன்தட்டு தட்டினாள். ஒவ்வொன்றும் மறைந்தது. மறைந்ததை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வரிசை தப்பாமல் கட்டினாள். வேகத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை, அவள் ஆயுளில் அவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை. பத்தாவது பொட்டலமும் போன பிறகு இரண்டு பேரும் கணக்கைச் சொன்னார்கள். செபஸ்தியான் எழுதி வைத்தது எண்பத்தாறு விநாடி, தொண்ணூற்று ஒன்று, எண்பத்தெட்டு என்று இருந்தது. பாயின் வாட்ச்சில் ஒன்றுகூட மூன்றரை நிமிடத்துக்குக் குறைவில்லை. கடைசிப் பொட்டலத்துக்கு நாலேகால் நிமிடம் ஆகியிருந்தது.

“எப்பலேர்ந்து இது?” என்று பாய் கேட்டார். குரலில் கோபம் போய் வேறு என்னவோ வந்திருந்தது.

“ஸ்கிரீன் வந்ததுலேர்ந்து. நான்தான் ஆரம்பிச்சேன், நான்தான் இவங்களுக்குக் கத்துக்குடுத்தேன். ஊக்கத்தொகை வாங்குனேன், குக்கர் வாங்குனேன். எல்லாம் நான்தான்.”

“எல்லாக் கடையிலயும் இப்படித்தானா?”

“என் கடையைப் பத்தி நான் சொல்லிட்டேன். மத்த கடைல நீங்களே வாட்ச்ச எடுத்துகினு போய் நில்லுங்க பாய்.” அஃப்சர் மூச்சு வாங்கிக்கொண்டாள். “அஞ்சு பேர் தொண்ணூத்தி நாலு விநாடில குடுக்கவே இல்ல. யாராலயும் குடுக்க முடியாது. ஃபோன் வருமேன்னு பயந்துகினு தட்டினோம். எங்க பயத்தைக் கணக்குன்னு எடுத்து வச்சுகினு, இப்ப எங்க ஆளுங்களையே அனுப்பப் பாக்குறீங்க.”

ஹனீஃபா பாய் ஃப்ரையரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு துண்டு கோழி வேக எவ்வளவு நேரமாகும் என்று அந்தக் கடையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. தள்ளுவண்டியில் எத்தனை வருடம் பொரித்தவர். அப்படிப்பட்டவர் மூன்று வருடம் அந்த எண்ணை நம்பியிருக்கிறார், நம்ப ஆசைப்பட்டிருக்கிறார். அந்த வெட்கத்தை அவர் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. வெளியே போகும்போது வாசலில் மாட்டியிருந்த அஃப்சரின் போட்டோவைத் தன் கையாலேயே கழற்றி யாசிரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு வாரம் அவர் கடை கடையாக வாட்ச்சோடு போய் நின்றதாகச் சொல்லிக்கொண்டார்கள். அப்புறம் கடிதம் வந்தது. சம்பளம் பதினைந்தாயிரம், கேட்டதில் ஆயிரம் குறைவு. ஷிஃப்டுக்கு ஐந்து பேருக்குக் கீழே குறைக்க மாட்டோம், சனி ஞாயிறு ஆறு பேர் என்று பாயும் செபஸ்தியானும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஊக்கத்தொகை இனிமேல் கிடையாது. பாஞ்சாலி கடிதத்தை இரண்டு தடவை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள், பிறகு போய்க் கூல்டிரிங்க் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அஃப்சருக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. பொய்க் கணக்கு கொடுத்ததற்காக எச்சரிக்கை, சூப்பர்வைசர் பதவி இல்லை. அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தும் வலித்தது. வீட்டில் வலியுல்லா மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. அடையாறு கடையிலிருந்து ஃபிசா என்கிற பெண் ஃபோன் செய்து, உன் யோக்கியத்தனத்தால் எங்கள் ஊக்கத்தொகை போச்சு என்று வாய்க்கு வந்தபடி பேசினாள். பேசட்டும் என்று அஃப்சர் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வாடகை கட்ட வேண்டுமே.

பெரிய ஆச்சரியம், யாசிரின் இடத்துக்கு ஜாஸ்மினைப் போட்டார்கள். எதிர்த்துப் பேசுகிறவளை நாற்காலியில் உட்கார வைத்தால் பேச்சு குறையும் என்று செபஸ்தியான் கணக்குப் போட்டிருக்கலாம். இல்லை, பாய்க்கு அவள் தைரியம் உண்மையிலேயே பிடித்திருக்கலாம். நொச்சிக்குப்பத்திலிருந்து முத்தம்மா ஒரு வஞ்சிர மீனை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, எல்லாரையும் விட்டுவிட்டு அஃப்சரின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜாஸ்மின் பொறுப்பேற்ற மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள். பத்தரை மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. அன்றைக்கு வர வேண்டிய ஆறாவது ஆள் வரவில்லை. வேறு கடையில் ஆள் குறைகிறது என்று அங்கே அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு ஸ்கிரீனில் ஒன்பது சிவப்பு. ஜாஸ்மினின் மேசையில் ஃபோன் அடித்தது. அவள் எடுத்துப் பேசியதும் முகம் வெளிறிவிட்டது. ஃபோனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பேக்கிங் மேசைக்கு ஓடி வந்தாள்.

“யக்கா, தலைமை ஆபீஸ், செபஸ்தியான் சார். இந்த வேலைக்கு வந்து மூணு வாரத்துல இப்டியான்றாங்க. ஒரு நாலை மட்டும் தட்டிடுக்கா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்.”

அஃப்சர் அவளைப் பார்த்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசிய பெண்ணா இது என்று தோன்றியது. அந்தப் பயம் எப்படி ஆளை ஆட்டும் என்று அஃப்சருக்கு நன்றாகத் தெரியும், மூன்று வருடம் அதோடு குடித்தனம் நடத்தியவள். எண்ணெய்க் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினாள்.

“செபஸ்தியான் சார், அஃப்சர் பேசறேன். ஒம்பது ஆர்டர் சிவப்பாத்தான் கீது. ஞாயித்துக்கெழமை ஆறு பேர்னு கையெழுத்து போட்டீங்க, அஞ்சு பேர்தான் கீறோம். ஆறாவது ஆளை அனுப்புங்க. அது வரைக்கும் சிவப்பாத்தான் வரும், வந்ததை அப்படியே எழுதிக்கோங்க.”

அரை மணி நேரத்தில் ஒருத்தரை ஆட்டோவில் அனுப்புகிறேன் என்று செபஸ்தியான் சொன்னார். அஃப்சர் ஃபோனை ஜாஸ்மின் கையில் திருப்பிக் கொடுத்தாள். ஜாஸ்மின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போய், கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வரிசையில் நின்றவர்களிடம் சொன்னாள். அவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் நின்றார்கள்.

வரிசையின் முதலில் நின்றவர் தன் பொட்டலத்தை வாங்கி, பிரித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அஃப்சர் பொத்தானைத் தட்டினாள். ஐந்து நிமிடம் நாற்பது விநாடி என்று ஈக்காட்டுத்தாங்கலுக்குக் கணக்கு போனது.